நிலவில் இறங்கிய பெட்டியை அட்டையில் செய்வோம்: புறப்பரப்புக்கு ஆறு பீரியட்

சோப்பு டப்பாவின் மொத்தப் பரப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படியோ போட்டுவிடுவார்கள். ஒரு வருடம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "இது தெரிஞ்சு என்ன டீச்சர் பண்றது?" வர்ணம் பூச எவ்வளவு பெயின்ட் வேண்டும் என்று கணக்குப் போடலாம் என்றேன். "சோப்பு டப்பாவுக்கு யாரு டீச்சர் பெயின்ட் அடிப்பாங்க?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பதில் மட்டும் என்னிடம் இல்லை.

விண்வெளியில் அந்தப் பதில் இருக்கிறது. அங்கே காற்று கிடையாது. ஒரு விண்கலத்துக்குள் வரும் வெயிலும் சரி, வெளியே போகும் வெப்பமும் சரி, அதன் வெளித்தோல் வழியாகத்தான் வந்து போக வேண்டும். எவ்வளவு தோல் இருக்கிறது, அதில் எவ்வளவு சூரியனைப் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் கலம் பிழைக்கும், அல்லது உறைந்து போகும். புறப்பரப்பு வெறும் எண்ணாக இல்லாமல் ஒரு காரணத்தோடு வருகிற இடம் இது. அதனால் சூத்திரத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு பாடத்தைத் திருப்பிப் போட்டேன். அப்படி நடத்திய ஆறு பீரியட்டுகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். 7, 8 வகுப்புகளுக்குச் சரியாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் அளவியல் தொடங்கும் முன்பும் ஒரு முறை செய்யலாம்.

தேவையானவை: சார்ட் அட்டை, கட்டம் போட்ட நோட்டுத்தாள், பழைய செய்தித்தாள், கத்தரிக்கோல், பசை, இரண்டு ஆய்வக வெப்பமானி, ஒரு டார்ச், காலி சிப்ஸ் பாக்கெட்டுகள், கோலமாவு, நீளமான கயிறு, ஆளுக்கொரு கமலா ஆரஞ்சு. யார் வீட்டிலாவது ரூபிக் கியூப் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆரஞ்சைத் தவிர எதற்கும் பெரிதாகச் செலவு இல்லை.

முதல் பீரியட்: விக்ரமைப் பிரித்து விரிப்பது

சந்திரயான்-3 கலத்தின் விக்ரம் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் முகம் அந்த இடத்தில் கொஞ்சம் மாறும்.

இஸ்ரோ வெளியிட்ட அளவுகள் இவை: நீளம் 200 செ.மீ., அகலம் 200 செ.மீ., உயரம் 116.6 செ.மீ. உண்மையான லேண்டரில் கால்கள், எஞ்சின், கருவிகள் என்று பலதும் துருத்திக்கொண்டு நிற்கும். நாம் அதை ஒரு கனச்செவ்வகமாக வைத்துக்கொள்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தைப் பார்த்த பையன் ஒருவன் பாதி வகுப்பில் எழுந்து, "இது பெட்டி மாதிரியே இல்லையே சார்" என்பான். அவன் சொல்வது சரிதான்.

மாதிரியை இருபதில் ஒரு பங்காகச் செய்வோம். நீளமும் அகலமும் 10 செ.மீ., உயரம் 5.8 செ.மீ. பெட்டியாக ஒட்டுவதற்கு முன், பிரித்து விரித்தால் எப்படி இருக்கும் என்று அட்டையில் வரையச் சொல்லுங்கள். நீங்கள் கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டாம். அடி முகத்தை மறப்பவர்கள் இருப்பார்கள். நான்கு பக்கங்களையும் ஒரே வரிசையில் போட்டுவிட்டு மூடியை எங்கே வைப்பது என்று முழிப்பவர்கள் இருப்பார்கள். இந்த முழிப்புக்காகவே இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மடித்துப் பார்த்து மூடாமல் போகும்போது தவறு அவர்களுக்கே தெரிந்துவிடும், நாம் திருத்த வேண்டியதில்லை. ஒரே பெட்டிக்குப் பல விரிப்புகள் வரும். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுங்கள்.

அப்புறம் பரப்பு. மேல் முகமும் அடி முகமும் 100 + 100. நான்கு பக்கங்கள் 4 × 58 = 232. மொத்தம் 432 சதுர செ.மீ. நோட்டுத்தாள் கட்டங்களை எண்ணிச் சரிபார்க்க விரும்புகிறவர்களைத் தடுக்காதீர்கள்.

இப்போது ஒரு கேள்வி போடுங்கள்: "உண்மையான விக்ரம் இதைப்போல் 20 மடங்கு பெரியது. அப்படியானால் அதன் பரப்பு?" வகுப்பு முழுக்க 432 × 20 என்று கத்தும். 8,640 சதுர செ.மீ. என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுத்து ஒன்றும் சொல்ல வேண்டாம். மணி அடித்துவிடும்.

இரண்டாம் பீரியட்: இருபதா, நானூறா?

இந்த ஆறில் ஒன்றை மட்டும்தான் நடத்த நேரம் இருக்கிறது என்றால் இதை நடத்துங்கள்.

செய்தித்தாள்களை ஒட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் செய்து தரையில் விரியுங்கள். அதற்குள் 1 செ.மீ. கட்டங்கள் எத்தனை இருக்கும்? முதலில் 100 என்பார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் ஸ்கேலை வைத்துக் குறித்தாலே ஒரு வரிசைக்கு 100 கட்டங்கள் வந்துவிடும். அப்படி எத்தனை வரிசை? 100. ஆக 10,000. ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர செ.மீ. என்பதை மனப்பாடம் செய்தவர்களும் தரையில் பார்க்கும்போதுதான் நம்புகிறார்கள்.

நேற்று எழுதிய 8,640-ஐ இந்தச் சதுரத்தின் பக்கத்தில் வையுங்கள். விக்ரமின் மொத்தத் தோலும் இந்தச் செய்தித்தாள் சதுரத்தைவிடச் சிறியது என்று ஆகிறது. ஆனால் விக்ரமின் மேல்முகம் மட்டுமே இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது இதைப்போல் நான்கு சதுரம். எங்கேயோ தப்பு. அதைக் கண்டுபிடிக்க விடுங்கள். நீளம் 20 மடங்கு, அகலமும் 20 மடங்கு, ஆகவே பரப்பு 20 × 20 = 400 மடங்கு என்பதை யாராவது ஒரு பிள்ளை சொல்லும்வரை பொறுங்கள். மெதுவாகக் கணக்குப் போடும் பிள்ளையே இதை முதலில் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவசரக்காரர்கள் பெருக்கிவிட்டுத் திருப்தியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

432 × 400 = 1,72,800 சதுர செ.மீ. மீட்டரில் 17.28 ச.மீ. உண்மையான அளவுகளை நேரடியாகப் போட்டால்: 2 × (2 × 2) + 4 × (2 × 1.166) = 17.328 ச.மீ. இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம், 5.83-ஐ 5.8 என்று நாம் வெட்டியதால் வந்தது. அதையும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

மூன்றாம் பீரியட்: பக்கத்துச் சுவரில் ஏன் சூரியத்தகடு?

விக்ரமின் படத்தைக் காட்டுங்கள். சூரியத்தகடுகள் கூரையில் இல்லை, பக்கங்களில் இருக்கின்றன. நம் ஊரில் மொட்டைமாடியில்தானே வைக்கிறோம்?

வகுப்பை இருட்டாக்கி, அட்டை மாதிரியை மேசையில் வைத்து டார்ச் அடியுங்கள். நேர் மேலே பிடித்தால் கூரை பளிச்சென்று இருக்கும், பக்கங்கள் மங்கும். டார்ச்சை மேசை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பிடித்தால் தலைகீழாக மாறும். விக்ரம் இறங்கிய இடம் நிலவின் தெற்கு அட்சரேகை 69 டிகிரியை ஒட்டியது. அங்கே உச்சிவேளையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 20 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மாலை வெயில் நம் வீட்டுச் சுவரில் விழுவதுபோல நாள் முழுக்க விழும். ஆகவே சுவரில் தகடு. சமூக அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி அந்த வாரம் அட்சரேகைப் பாடத்தையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் லாபம்.

இங்கே ஒரு கணக்கு. பூமி, நிலவு இருக்கும் தொலைவில் சூரியனை நேராகப் பார்க்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,361 வாட் ஒளி விழுகிறது. ஒரு பக்கச் சுவர் 2 × 1.166 = 2.332 ச.மீ. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3,170 வாட். தகடு அதில் கால் பங்கை மின்சாரமாக்கும் என்று வைத்துக்கொண்டால் 790 வாட்டுக்குப் பக்கம் வரும். விக்ரமின் மின்திறனாக இஸ்ரோ சொன்னது 738 வாட். இவ்வளவு நெருங்கியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது, ஏனென்றால் தகடு சுவர் முழுவதையும் மூடவில்லை, கால் பங்கு என்பதும் நம் ஊகம்தான். அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனாலும் அட்டைப்பெட்டியில் தொடங்கிய கணக்கு இஸ்ரோவின் எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது வகுப்பில் ஒரு சத்தம் வரும். அதற்காகவே இதை விட மனம் வருவதில்லை.

சந்திரயான்-2 லேண்டரின் மின்திறன் 650 வாட். 2019 செப்டம்பரில் அது நிலவில் மோதி உடைந்தது. அடுத்த லேண்டரை வடிவமைத்தபோது கூடுதல் பக்கங்களிலும் தகடு வைத்தார்கள். எந்தப் பக்கம் திரும்பி இறங்கினாலும் ஏதாவது ஒரு சுவரில் வெயில் படட்டும் என்பது நோக்கம். பழைய இரண்டு ரூபாய் நோட்டு கிடைத்தால் அதன் பின்பக்கத்தைக் காட்டுங்கள். 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்ட நம் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா அதில் இருக்கிறது. 26 முகங்கள் கொண்ட வடிவம், மேல், அடி முகங்களைத் தவிர மற்றவற்றில் சூரிய மின்கலங்கள். அதே யோசனைதான், 48 வருடம் முன்பே.

நான்காம் பீரியட்: காபி ஆற்றுவதும் நிலவின் இரவும்

காபி சூடாக இருந்தால் டம்ளரிலிருந்து டபராவுக்கு ஊற்றுகிறோம். ஏன்? பிள்ளைகள் "ஆறும்" என்பார்கள். ஏன் ஆறும் என்று விடாமல் கேளுங்கள். காபி அதே அளவுதான், ஆனால் பரந்து நிற்கிறது, வெளியே தெரியும் பரப்பு கூடுகிறது என்பது அவர்கள் வாயிலிருந்தே வரும்.

சோதனை செய்யலாம். சம அளவு வெதுவெதுப்பான நீரை ஒரு டம்ளரிலும் ஒரு அகலத் தட்டிலும் ஊற்றி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். நான் ஒரு தடவை கேன்டீன் வெந்நீரை அப்படியே கொண்டுவந்து கை சுட்டுக்கொண்டேன். வரைபடத்தாளில் இரண்டு கோடுகளும் பிரிந்து இறங்கும். ஒரு விஷயத்தைத் தெளிவாக்குங்கள்: வகுப்பில் வெப்பத்தைக் கொண்டுபோவதில் காற்றுக்கும் ஆவியாதலுக்கும் பங்கு உண்டு. விண்வெளியில் அவை இல்லை, கதிர்வீச்சு மட்டும்தான். ஆனால் அதுவும் தோல் வழியாகத்தான் போக வேண்டும்.

இனி ரூபிக் கியூப். வெளியே எத்தனை வண்ணக் கட்டங்கள்? 54. அதையே 27 தனித்தனிக் கனச்சதுரமாக உதிர்த்தால் 27 × 6 = 162 முகங்கள். பொருள் கூடவில்லை, தோல் மூன்று மடங்கானது. சிறிய பொருளுக்கு உள்ளே இருப்பதோடு ஒப்பிட்டால் தோல் அதிகம். சின்ன இட்லி பெரிய இட்லிக்கு முன்னால் ஆறுவதும், பிறந்த குழந்தையைப் போர்த்தி வைப்பதும் இதனால்தான்.

விக்ரமோடு போய் நிலவில் ஊர்ந்த சிறு வண்டிதான் பிரக்யான் ரோவர், எடை 26 கிலோ. நிலவின் இரவு நம் கணக்கில் சுமார் 14 நாள், வெப்பநிலை மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே போகும். பிரக்யானும் விக்ரமும் ஒரு நிலவுப் பகலுக்காகத்தான் வடிவமைக்கப்பட்டவை. செப்டம்பர் 2 அன்று ரோவரையும் 4 அன்று லேண்டரையும் உறங்க வைத்தார்கள். மறுபடி வெயில் வந்தபோது இரண்டும் விழிக்கவில்லை. வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் ஒரு சோகம் வரும். அப்போது லூனோகோட்-1 கதையைச் சொல்லுங்கள்.

1970 நவம்பரில் சோவியத் ஒன்றியம் நிலவில் இறக்கிய ரோவர் அது. பார்ப்பதற்குச் சக்கரம் வைத்த அண்டா போல இருக்கும், மேலே ஒரு மூடி. பகலில் மூடி திறந்திருக்கும். மூடியின் உள்பக்கத்தில் சூரிய மின்கலங்கள், அண்டாவின் வாயில் வெப்பத்தை வானத்துக்கு விடும் தகடு. இரவு வந்தால் மூடியை மூடிவிடுவார்கள். வெப்பம் வெளியேறும் பரப்பு மறைந்துவிடும், உள்ளே ஒரு கதிரியக்கப் பொருள் கணப்பு போலச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும். இப்படியே பத்து மாதத்துக்கு மேல் ஓடியது. பரப்பை வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடுவது என்ற யோசனையைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். சோற்றுப் பானையை மூடி வைக்கும் வீட்டிலிருந்துதானே வருகிறார்கள்.

விண்கலங்களைச் சுற்றியிருக்கும் மினுமினுக்கும் தங்கநிறப் போர்வைக்கு ஐந்து நிமிடம் போதும். அது தங்கம் அல்ல. அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலம், பிளாஸ்டிக்கின் மஞ்சள் நிறம் அப்படிக் காட்டுகிறது. ஒரு டம்ளருக்குச் சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிப் பக்கத்தை வெளியே வைத்துச் சுற்றி, இன்னொன்றுக்குக் கறுப்புத் தாள் சுற்றி, வெயிலில் வைத்து நீரின் வெப்பநிலையைப் பாருங்கள்.

ஐந்தாம் பீரியட்: மைதானத்தில் ஒரு குடை

வகுப்பை வெளியே கூட்டிப் போங்கள். கோலமாவால் 21 மீட்டருக்கு 14 மீட்டர் செவ்வகம் போடச் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 25 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் வெயில் மறைப்பு ஏறக்குறைய இவ்வளவு நீள அகலம். பிறகு 2.7 மீட்டர் கயிற்றால் பக்கத்தில் ஒரு வட்டம். அதைச் சுமந்து சென்ற ஏரியான்-5 ராக்கெட்டின் தலைக்கூட்டின் குறுக்களவு 5.4 மீட்டர். இவ்வளவு பெரியதை இதற்குள் எப்படித் திணித்தார்கள்?

மடித்துத்தான். மடித்தால் பரப்பு குறையுமா? ஐந்தரை மீட்டர் புடவையை மடித்தால் அலமாரியில் ஒரு சாண் இடம் போதும். விரித்தால் மறுபடி ஆறு சதுர மீட்டருக்கு மேல். எடுத்துக்கொள்ளும் இடம் குறைந்தது, துணி குறையவில்லை. ஜப்பானின் கோரியோ மியுரா வகுத்த மடிப்பு முறை ஒன்று இருக்கிறது, இரண்டு மூலைகளைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே வீச்சில் விரியும். 1995-ல் ஜப்பானிய விண்கலம் ஒன்றின் சூரியத்தகட்டில் அது பயன்பட்டது. ஏ4 தாளில் நீங்கள் முதல் நாள் இரவு பழகிவிட்டு வாருங்கள். எனக்கு நாலு தாள் வீணானது.

ஒரு எச்சரிக்கை: 21 × 14 = 294 என்று பெருக்கி, மறைப்பின் பரப்பு 294 ச.மீ. என்று எழுத விட்டுவிடாதீர்கள். அது செவ்வகம் அல்ல, பட்டம் போலக் குறுகும் வடிவம். 294-ஐவிடக் குறைவு என்று மட்டும் நாம் சொல்லலாம். மறைப்பில் ஐந்து அடுக்குகள். நிழல் தர ஒரு அடுக்கே போதும், மற்றவை வெப்பத்தைப் படிப்படியாகத் தடுக்க. சூரியப் பக்கம் 85 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் மைனஸ் 233 டிகிரி.

ஆறாம் பீரியட்: ஆரஞ்சும் செவ்வாயும்

ஆரஞ்சைச் சுற்றி, அதன் நடு அகலத்துக்குச் சமமான வட்டங்களைத் தாளில் ஐந்தாறு வரையுங்கள். தோலை உரித்துச் சிறு துண்டுகளாக்கி வட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். நான்கு வட்டம் நிரம்பும். தோல் தடிமனாக இருந்தால் கொஞ்சம் கூடக் குறைய வரும். கோளத்தின் பரப்பு 4 × பை × ஆரம் × ஆரம் என்பது அதற்குப் பிறகு வெறும் எழுத்து வேலை. சுளைகளைத் தின்ன அனுமதி உண்டு என்பதையும் சொல்லிவிடலாம்.

இப்போது ஆரங்களைக் கொடுங்கள்: பூமி 6,371 கி.மீ., செவ்வாய் 3,390 கி.மீ., நிலவு 1,737 கி.மீ. கணக்கு போட்டால் நிலவின் பரப்பு சுமார் 3.79 கோடி சதுர கி.மீ. ஆசியாக் கண்டத்தைவிடச் சிறியது, இந்தியாவைப்போல் பதினொன்றரை மடங்கு. செவ்வாய் சுமார் 14.4 கோடி. பூமியின் நிலப்பகுதி மட்டும் 14.9 கோடி. அதாவது செவ்வாய் முழுவதும் சேர்ந்து நம் நிலப்பரப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். நேரம் இருந்தால் ரூபிக் கியூபுக்குத் திரும்புங்கள். நிலவின் கன அளவோடு ஒப்பிட்டால் அதன் தோல் பூமியைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். சீக்கிரம் ஆறிவிட்டது. அதன் எரிமலைகளில் பெரும்பாலானவை 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டன. பூமி இன்னும் உள்ளே கொதிக்கிறது. டபரா கணக்குதான்.

மதிப்பீடு

தேர்வுக்குச் சூத்திரக் கேள்வி வைப்பதாக இருந்தால் வையுங்கள். நான் நம்புவது கீழே உள்ள ஒரே செய்முறையை.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டளை: 1,000 கன செ.மீ. கொள்ளும் பெட்டி ஒன்றை வடிவமைக்க வேண்டும். 10 × 10 × 10 என்றால் பரப்பு 600 ச.செ.மீ. 20 × 10 × 5 என்றால் 700. 40 × 5 × 5 என்றால் 850. 50 × 20 × 1 என்று தோசைக்கல் போலத் தட்டினால் 2,140. உள்ளே கொள்வது எல்லாவற்றிலும் ஒன்றுதான். நிலவின் இரவைத் தாங்க எது நல்லது? வெயில் பிடிக்க எது நல்லது?

இரண்டு கேள்விக்கும் ஒரே பெட்டி பதிலாக வராது. குழுக்கள் சண்டை போடும், விடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு குழு, பெட்டியைக் குண்டாக வைத்துவிட்டு வெளியே மடிக்கும் தகடு ஒட்டலாமா என்று கேட்கும். சரி என்றால் அட்டை எடுத்துக் கொடுங்கள். தகட்டின் இரண்டு பக்கத்தையும் பரப்பில் சேர்ப்பதா ஒன்றையா என்று அடுத்த கேள்வி வரும். எதற்காகக் கணக்கிடுகிறாய் என்று திருப்பிக் கேளுங்கள். வெயில் பிடிக்கவா, வெப்பம் வெளியேறவா? அதைச் சொல்லிவிட்டுக் கணக்குப் போடும் குழுவுக்கு முழு மதிப்பெண், பெருக்கலில் தவறு இருந்தாலும்.

மாதிரிகளைக் குப்பையில் போடாமல் அலமாரி மேல் அடுக்கி வையுங்கள். அடுத்த வருடம் இதே பிள்ளைகள் மொத்தப் பரப்பு, பக்கப்பரப்பு என்று இரண்டு சூத்திரங்களையும் குழப்பிக்கொள்ளும் நாளில் விக்ரமைக் கையில் கொடுத்து, சூரியத்தகடு எந்த முகங்களில் இருந்தது என்று கேட்கலாம்.